சர்வரைத் திணறடிக்கும் தாக்குதல்கள்: வேலூர் வட்டாரச் சிறு தளக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் தோல் ஏற்றுமதி செய்பவர்கள், ஆரணியில் பட்டு விற்பவர்கள், வேலூர் காந்தி ரோட்டில் நோயாளிகளின் குடும்பத்துக்கு அறை விடுபவர்கள், காட்பாடியில் கோச்சிங் சென்டர் நடத்துபவர்கள் என்று பழைய வட ஆற்காடு முழுக்கச் சொந்த இணையதளம் வைத்திருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். பெரும்பாலோரிடம் இருப்பது சின்னதாக ஒரு விபிஎஸ் (வாடகை சர்வர்), அதில் ஒரு வேர்ட்பிரஸ், அதைப் பார்த்துக்கொள்ள ஒரு தம்பி அல்லது தங்கச்சி. அந்தத் தம்பி தங்கச்சிகளுக்காக எழுதியது இது. கேள்விகள் அவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வருபவை.

டிடாஸ் தாக்குதல் என்றால் சுருக்கமாக என்ன?

சர்வரால் சமாளிக்க முடியாத அளவுக்கு வேலையைக் கொடுத்து, உண்மையான வாடிக்கையாளருக்குப் பதில் போகாமல் செய்வது. ஒரே இடத்திலிருந்து வந்தால் டாஸ். ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் வந்தால் டிடாஸ். தகவல் திருட்டு இதில் சேராது. ஆனால் கவனத்தை இந்தப் பக்கம் திருப்பிவிட்டு வேறு வழியில் நுழையப் பார்ப்பவர்களும் உண்டு. களேபரத்துக்கு நடுவே லாகின் லாகையும் (யார் நுழைந்தார் என்ற பதிவையும்) ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.

எங்கள் தளம் சின்னது. எங்களை யார் சார் தாக்கப் போகிறார்கள்?

உங்களைக் குறிவைத்து யாரும் வராமலே உங்கள் சர்வர் விழலாம். இணையம் முழுக்க வேர்ட்பிரஸ் தேடி அலையும் பாட்டுகள் (bot, தானாக ஓடும் நிரல்கள்), வந்த இடத்தில் லாகின் பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு நீங்கள் பட்டு விற்கிறீர்களா, பாடம் நடத்துகிறீர்களா என்பதெல்லாம் தெரியாது. 1 ஜிபி ராம் உள்ள சர்வருக்கு அந்தத் தட்டலே போதும்.

குறிவைத்து வருபவர்களும் இருக்கிறார்கள். தாக்குதலை வாடகைக்கு விடும் தளங்கள் பல வருடங்களாக உண்டு. 2018 ஏப்ரலில் பல நாட்டுப் போலீஸ் சேர்ந்து முடக்கிய வெப்ஸ்ட்ரெஸ்ஸர் அவற்றில் பெரியது. ஒரு பிரியாணி விலைக்குச் சில நிமிடத் தாக்குதலை வாங்க முடிகிறபோது, கோபக்காரப் போட்டியாளரோ பரீட்சை எழுத மனமில்லாத மாணவனோ போதும்.

தளம் திறக்கவில்லை. தாக்குதல்தான் என்று எப்படி உறுதி செய்வது?

தாக்குதல் என்று சொல்லிக்கொண்டு வருபவற்றில் நிறைய, தாக்குதலே அல்ல. அதனால் முதலில் சப்பையான காரணங்களைப் பாருங்கள். டிஸ்க் நிரம்பிவிட்டதா? டொமைன் அல்லது எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதா? ராம் போதாமல் லினக்ஸ் கெர்னல் மைஎஸ்கியூஎல்லைக் கொன்றுவிட்டதா? கெர்னல் லாகில் அவுட் ஆஃப் மெமரி என்று வரி கிடந்தால் கடைசியாகச் சொன்னதுதான்.

இவை எதுவும் இல்லையென்றால் வெப் சர்வரின் ஆக்சஸ் லாகைத் திறங்கள். கடைசி 10,000 வரிகளை எடுத்து மூன்று விதமாக எண்ணுங்கள்: எந்த ஐபி அதிகம், எந்தப் பக்கம் அதிகம், எந்த யூசர் ஏஜென்ட் (வருபவர் தன்னைப் பற்றிச் சொல்லும் பிரவுசர் பெயர்) அதிகம். ஆக், சார்ட், யூனிக் என்ற லினக்ஸ் கட்டளைகள் மூன்றையும் பைப்பில் கோத்தால் ஒரு நிமிட வேலை.

நிஜ மனிதர் ஒரு பக்கத்தைத் திறந்தால் கூடவே ஸ்டைல் ஃபைல், லோகோ, படங்கள் என்று பத்து இருபது ரிக்வெஸ்ட் சேர்ந்து வரும். பாட்டு பெரும்பாலும் பிஎச்பி பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். லாகில் படமே இல்லாமல் பக்கம் மட்டும் வரிசையாக ஓடினால் மனிதர் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தது, கூட்டம் ஏறும் விதம். ஆடித் தள்ளுபடி அறிவிப்பை வாட்ஸ்அப்பில் போட்டதால் வரும் கூட்டம் சரிவு மாதிரி ஏறி, சரிவு மாதிரி இறங்கும்; பல பக்கங்களுக்குப் பரவும். தாக்குதல் ஒரே நிமிடத்தில் உச்சிக்குப் போகும், பெரும்பாலும் ஒன்றிரண்டு முகவரிகளையே தட்டும்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு, இப்போது அதிகம் தொல்லை கொடுப்பது அதுதான்: தேடுபொறிகளும் ஏஐ நிறுவனங்களும் அனுப்பும் கிராலர்கள். ஒரு பட்டுப் புடவைத் தளத்தில் நிறம், விலை, பார்டர், ஜரிகை என்று நான்கு ஃபில்டர் இருந்தால், அவற்றைச் சேர்த்துப் பிரித்துப் பல்லாயிரம் முகவரிகள் உருவாகும். கிராலர் ஒவ்வொன்றையும் தனிப் பக்கம் என்று நினைத்து எடுக்கும். ஒவ்வொன்றுக்கும் டேட்டாபேஸ் புதிதாகத் தேடும். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, சர்வர் மட்டும் படுத்துவிடும். கிராலர்களுக்கு வழி சொல்லும் ரோபாட்ஸ் ஃபைலில் ஃபில்டர் முகவரிகளைத் தடுங்கள். அதை மதிக்காதவற்றை யூசர் ஏஜென்ட் பார்த்து அடையுங்கள். கூகுள்பாட் என்று பெயர் போட்டு வருவதெல்லாம் கூகுள் அல்ல. அந்த ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபியிலிருந்து பெயரைத் தேடுவது) போட்டு, கிடைக்கும் பெயர் googlebot.com அல்லது google.com என்று முடிகிறதா, அதைத் திரும்ப ஐபியாக்கினால் அதே ஐபி வருகிறதா என்று பாருங்கள். தெரியாமல் நிஜ கூகுளை அடைத்துவிட்டு, தேடலில் கடையைக் காணோம் என்று தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

சரி, தாக்குதல்தான். முதலில் எதைப் பார்ப்பது?

எங்கே அடைக்கிறது என்பதை. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

அடைபடக்கூடிய இடம் மூன்று. முதலாவது, சர்வருக்கு வரும் லைன். இரண்டாவது, சர்வரின் கனெக்ஷன் பட்டியல். மூன்றாவது, பக்கத்தைத் தயாரிக்கும் பிஎச்பியும் டேட்டாபேஸும். மூன்றுக்கும் மருந்து வேறு, மருந்து போடும் இடமும் வேறு. லைன் அடைபட்டால் உங்கள் சர்வரில் எந்த ஃபயர்வால் விதி எழுதினாலும் பயனில்லை, ஏனென்றால் விதி வேலை செய்வதற்கு முன்பே லைன் நிரம்பிவிட்டது. காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டால், உங்கள் வீட்டு கேட்டை எவ்வளவு அகலமாகத் திறந்து வைத்தாலும் விருந்தாளி வந்து சேர மாட்டார். பிஎச்பி திணறும்போது லைனைப் பெரிதாக்குவதும் அதே மாதிரி வீண்செலவு.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சர்வருக்குள் எஸ்எஸ்எச்சில் நுழையவே முடியவில்லை, ஹோஸ்டிங் நிறுவனத்தின் பேனலில் உள்வரும் டிராஃபிக் கோடு லைனின் உச்ச அளவைத் தொட்டுத் தட்டையாக ஓடுகிறது என்றால் லைன். டிராஃபிக் குறைவு, சிபியு சும்மா இருக்கிறது, எஸ்எஸ் கட்டளையில் சின்-ரிசீவ்டு நிலையில் (பாதியில் நிற்கும்) ஏராளமான கனெக்ஷன்கள் தெரிகின்றன என்றால் இரண்டாவது. கெர்னல் லாகில் கான்ட்ராக் டேபிள் நிரம்பிவிட்டது என்ற வரி வந்தாலும் அதே வகைதான். டிராஃபிக் குறைவு, ஆனால் சிபியு 100 சதவீதம், டாப் கட்டளையில் பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் மேலே நிற்கின்றன என்றால் மூன்றாவது. சிறு தளங்களுக்கு நடப்பது பெரும்பாலும் மூன்றாவதுதான். நல்ல செய்தி, அதற்கான மருந்து முழுக்க உங்கள் கையில் இருக்கிறது.

எங்கள் சர்வருக்கு 1 ஜிகாபிட் லைன் இருக்கிறதே, போதாதா?

1 ஜிகாபிட் என்றால் நொடிக்கு 125 எம்பி. கேட்கப் பெரிதாகத் தெரியும். 2018 பிப்ரவரி 28 அன்று கிட்ஹப் தளத்துக்கு வந்தது நொடிக்கு 1.35 டெராபிட், அதாவது உங்கள் லைனைப் போல 1,350 மடங்கு. அதை அனுப்பியவர்களிடம் அவ்வளவு பெரிய லைன் இருந்திருக்கத் தேவையில்லை. மெம்கேஷ்டு என்ற கேஷ் (cache, தற்காலிகச் சேமிப்பு) மென்பொருளை ஃபயர்வால் இல்லாமல் இணையத்தில் திறந்து வைத்திருந்த சர்வர்களுக்கு, கிட்ஹப்பின் ஐபியை அனுப்புநராகப் போட்டுச் சின்னச் சின்னக் கேள்விகள் போயின. பதில்கள் கிட்ஹப்புக்கு வந்தன. மெம்கேஷ்டில் கேள்வியைவிடப் பதில் 51,000 மடங்கு வரை பெருகும். டிஎன்எஸ்ஸில் 28 முதல் 54 மடங்கு, நேரம் சொல்லும் பழைய என்டிபி சர்வர்களில் 556 மடங்கு வரை.

இது சாத்தியமாவதற்குக் காரணம், யூடிபி என்ற அனுப்பும் முறையில் அனுப்புநர் முகவரியை யாரும் சரிபார்ப்பதில்லை. பொய் முகவரி போட்ட பாக்கெட்டை இணைய நிறுவனங்கள் தங்கள் எல்லையிலேயே நிறுத்த வேண்டும் என்ற பரிந்துரை 2000-ஆம் ஆண்டே வந்துவிட்டது. எல்லோரும் கடைப்பிடித்திருந்தால் இந்தக் கேள்விக்கே வேலை இருந்திருக்காது.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. உங்கள் சர்வரில் 80, 443 தவிர மற்ற போர்ட்டுகளை மூடுங்கள். எஸ்எஸ்எச்சின் 22-ஐ உங்கள் ஐபிக்கு மட்டும் திறங்கள். 3306 (மைஎஸ்கியூஎல்), 11211 (மெம்கேஷ்டு) இரண்டும் வெளியே தெரியவே கூடாது. இல்லாவிட்டால் நாளை வேறொருவரைத் தாக்கப் பயன்படும் மெம்கேஷ்டு சர்வர் உங்களுடையதாக இருக்கும். இன்னொன்று, லைன் நிரம்பும் தாக்குதலை உங்களுக்கு முன்னால் வேறு யாராவது தாங்க வேண்டும்: ஹோஸ்டிங் நிறுவனமோ, தளத்துக்கு முன்னால் நின்று வடிகட்டும் கிளவுட்ஃப்ளேர் மாதிரிச் சேவையோ.

ஹோஸ்டிங் வாங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தாக்குதல் வந்தால் வடிகட்டுவீர்களா, இல்லை என் ஐபியையே நல் ரூட் செய்வீர்களா? நல் ரூட் என்றால் உங்கள் ஐபிக்கு வரும் எல்லாவற்றையும், வாடிக்கையாளர் உட்பட, அவர்கள் ரவுட்டரிலேயே குப்பையில் போடுவது. மற்ற வாடிக்கையாளர்களைக் காப்பாற்ற அவர்களுக்கு அது வேண்டியிருக்கலாம். உங்களைப் பொறுத்தவரை தாக்குபவன் நினைத்தது நடந்துவிட்டது.

ஆபீஸ் பிராட்பேண்டிலேயே சர்வர் வைத்திருக்கிறோம்.

வேண்டாம். தளத்தோடு சேர்ந்து பில்லிங், சிசிடிவி, மெயில் எல்லாமே நின்றுபோகும். வெப் சர்வரை வெளியே கொண்டு போங்கள்.

சின் ஃப்ளட் என்கிறார்களே, அது என்ன?

மேலே சொன்ன மூன்றில் இரண்டாவது வகை. டிசிபி என்ற இணைப்பு முறையில் ஒருவர் சின் (இணைப்பைத் தொடங்கும் கோரிக்கை) அனுப்பினால் சர்வர் பதில் சொல்லிவிட்டு, மறுபதிலுக்காக ஒரு இடத்தைப் பிடித்து வைத்துக் காத்திருக்கும். மறுபதில் வராவிட்டால் லினக்ஸ் தன் இயல்பு அமைப்பில் 5 முறை திரும்பச் சொல்லிப் பார்த்து, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் அந்த இடத்தை விடாது. பொய் முகவரிகளிலிருந்து சின் மட்டும் அனுப்பிக்கொண்டே இருந்தால் பட்டியல் நிரம்பிவிடும். 1996 செப்டம்பரில் நியூயார்க்கின் பானிக்ஸ் என்ற இணைய நிறுவனம் இப்படித்தான் விழுந்தது. அதே மாதம் டேனியல் பெர்ன்ஸ்டைன் சின் குக்கி என்ற தீர்வைச் சொன்னார்: இடம் பிடித்து வைக்காமல், தேவையான விவரத்தை அனுப்பும் பதிலின் எண்ணுக்குள்ளேயே ஒளித்து வைத்து, மறுபதில் வந்தால் அதிலிருந்து மீட்டுக்கொள்வது. இன்றைய லினக்ஸில் இது இயல்பாகவே இயங்கும். சிஸ்கண்ட்ரோலில் டிசிபி சின்குக்கீஸ் மதிப்பு 1 என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வேகமாக ஓட வைக்கிறேன் என்று எங்கிருந்தோ எடுத்த பட்டியலை ஒட்டியவர்கள் இதை 0 ஆக்கி வைத்திருப்பது உண்டு.

ஸ்லோலோரிஸ்?

2009-இல் வந்த தந்திரம். வெள்ளம் எதுவும் கிடையாது. ரிக்வெஸ்ட்டை ஆரம்பித்துவிட்டு, முடிக்காமல், சில நொடிகளுக்கு ஒரு வரி என்று சொட்டுச் சொட்டாக அனுப்புவது. கனெக்ஷனுக்கு ஒரு பிராசஸ் என்று ஒதுக்கும் அப்பாச்சி பிரீஃபோர்க்குக்கு உபுண்டுவின் இயல்பு வரம்பு 150. ஒரே ஒரு லேப்டாப் 150 கனெக்ஷனைப் பிடித்து வைத்துக்கொண்டால் முடிந்தது கதை. அப்பாச்சியில் ரிக்வெஸ்ட் டைம்அவுட் மாட்யூல் ஓடுகிறதா என்று பாருங்கள்; முடிந்தால் ஈவன்ட் முறைக்கு மாறுங்கள். இன்னும் எளிது, அப்பாச்சிக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைப்பது. அதில் ஹெடர், பாடி டைம்அவுட் இரண்டும் இயல்பில் 60 நொடி. 10 அல்லது 15-க்குக் குறைத்தால் போதும்.

எங்களிடம் இருப்பது வேர்ட்பிரஸ் மட்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பிஎச்பியை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் அமைப்பிலிருந்து. நிறுவியபடியே விட்டிருந்தால் அதிகபட்ச சில்ட்ரன் எண்ணிக்கை 5 என்றுதான் இருக்கும். அதாவது ஒரே நேரத்தில் 5 பக்கங்களைத்தான் தயாரிக்க முடியும், ஆறாவது ஆள் வரிசையில். ஒரு பக்கம் தயாராக 1 நொடி ஆகிறது என்றால் நொடிக்கு 5 ரிக்வெஸ்ட்தான் உங்கள் சர்வரின் மொத்த பலம். இதைக் கவிழ்க்க டெராபிட் எதற்கு?

கண்ணை மூடிக்கொண்டு 100 என்று மாற்றிவிடாதீர்கள். ஒரு பிஎச்பி பிராசஸ் எவ்வளவு ராம் தின்கிறது என்று பாருங்கள். பிளகின் நிறைய இருந்தால் 80 எம்பி சாதாரணம். 2 ஜிபி சர்வரில் மைஎஸ்கியூஎல்லுக்கும் மற்றதுக்கும் 800 எம்பி ஒதுக்கினால் மிச்சம் 1,200. 80 ஆல் வகுத்தால் 15. அதற்கு மேல் போனால் கூட்டம் வரும்போது ராம் தீர்ந்து, முதல் பலி மைஎஸ்கியூஎல்.

ஆக, பிராசஸைக் கூட்டுவதில் கிடைப்பது கொஞ்சம்தான். பக்கத்தை மலிவாக்குவதில்தான் பெரும் லாபம். என்ஜின்எக்ஸின் ஃபாஸ்ட்சிஜிஐ கேஷைப் போட்டால், லாகின் செய்யாதவர்களுக்கு ஒரு தடவை தயாரித்த பக்கத்தையே திரும்பத் திரும்பக் கொடுக்கும். பிஎச்பி எழுந்திருக்கவே வேண்டாம். அதே சின்ன சர்வர் நொடிக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கும். கேஷ் லாக் (cache lock), அப்டேட் ஆகும்போது பழையதைக் கொடுக்கும் ஸ்டேல் அமைப்பு இரண்டையும் மறக்காமல் போடுங்கள். இல்லாவிட்டால் கேஷ் காலாவதியாகும் நொடியில் எல்லா ரிக்வெஸ்ட்டும் ஒன்றாக பிஎச்பி மேல் பாயும்.

தாக்குபவனுக்கும் கேஷ் தெரியும். முகவரிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டு ஏதாவது எண்ணைச் சேர்த்தால் அது கேஷில் இல்லாத புதுப் பக்கம். அதனால் உங்கள் தளத்துக்குத் தேவையில்லாத குவெரி வாலைக் கேஷ் கணக்கில் எடுக்காதபடி செய்யுங்கள். தேடல் பெட்டி இன்னொரு ஓட்டை: ஒவ்வொரு தேடலும் பதிவுகள் முழுவதையும் துழாவும். தேடலுக்கு மட்டும் ஐபிக்கு நிமிடத்துக்கு சில தடவை என்று கடுமையாக வரம்பு வையுங்கள். ஐம்பது புடவை வைத்திருக்கும் கடைக்குத் தேடல் பெட்டி எதற்கு என்றும் யோசிக்கலாம்.

அப்புறம் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி ஃபைல். மொபைல் ஆப்போ ஜெட்பேக் பிளகினோ பயன்படுத்தாவிட்டால் அதை என்ஜின்எக்ஸிலேயே அடைத்துவிடுங்கள். கடவுச்சொல் தட்டுபவர்களுக்கு அது பிடித்த கதவு. அதில் உள்ள பிங்பேக் வசதியை வைத்து உங்கள் தளத்தையே இன்னொருவர் மேல் ஏவவும் முடியும். பிளகின் மூலம் தடுத்தால் அதற்கும் பிஎச்பி எழுந்து ஓட வேண்டும். அதனால்தான் என்ஜின்எக்ஸில் அடைக்கச் சொல்கிறேன். பாதுகாப்பு பிளகின் மூன்று நான்கு போட்டு வைத்திருக்கும் தளங்கள் தாக்குதலில் சீக்கிரம் விழுவதற்கும் இதுதான் காரணம். வேர்ட்பிரஸ்ஸின் உள் கிரான் (நேரம் வைத்து வேலைகளை ஓட்டும் வசதி), பார்வையாளர் வரும்போதெல்லாம் ஓடலாமா என்று பார்க்கும். அதை நிறுத்திவிட்டு லினக்ஸ் கிரானில் 5 நிமிடத்துக்கு ஒரு முறை ஓட விடுங்கள்.

ரேட் லிமிட் எவ்வளவு வைக்கலாம்?

ஒரு எண்ணைச் சொல்லுங்கள் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது: உங்கள் வாடிக்கையாளர் எங்கே உட்கார்ந்து தளத்தைப் பார்க்கிறார்?

கோச்சிங் சென்டர் தளத்தை எடுத்துக்கொள்வோம். காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரி விடுதியில் ஆயிரம் பிள்ளைகள் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரு சில ஐபிகள்தான். மொபைல் நெட்டிலும் அதே கதை: ஐபிவி4-இல் ஏராளமான சந்தாதாரர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். ஐபிக்கு நொடிக்கு ஒன்று என்று வைத்தால், மார்க் வெளியான அன்று தாக்குதலைவிட உங்கள் ரேட் லிமிட்டே தளத்தை அதிகம் முடக்கும். இதற்கு நேர்மாறு ஐபிவி6. அதில் ஒரு வீட்டு இணைப்புக்கே கணக்கிலடங்காத முகவரிகள் கிடைக்கும். ஒவ்வொரு முகவரியாகத் தடுத்தால் தடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அங்கே 64 பிட் முன்பகுதியை ஓர் ஆளாகக் கணக்கிடுங்கள்.

படம், ஸ்டைல் ஃபைல்களுக்கு வரம்பு வைக்காதீர்கள், அவை மலிவு. பிஎச்பிக்குப் போகும் ரிக்வெஸ்ட்டுக்கு மட்டும் என்ஜின்எக்ஸின் லிமிட் ரெக் போடுங்கள். ஐபிக்கு நொடிக்கு 5, பர்ஸ்ட் (burst, திடீரென்று சேர்ந்து வருவதற்கான சலுகை) 20, நோடிலே (nodelay, காக்க வைக்காமல் விடுவது) என்று ஆரம்பித்து லாகைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். பர்ஸ்ட் கொடுக்காமல் நொடிக்கு 5 என்று மட்டும் சொன்னால் என்ஜின்எக்ஸ் அதை 200 மில்லிநொடிக்கு ஒன்று என்றுதான் எடுத்துக்கொள்ளும். அவசரமாக இரண்டு தடவை கிளிக் செய்தவரும் வெளியே. 10 எம்பி ஜோன் ஒதுக்கினால் 64 பிட் சர்வரில் ஏறக்குறைய 80,000 முகவரிகளை நினைவில் வைக்கும். மறுக்கும்போது கொடுக்கும் எண்ணை 503-இலிருந்து 429-க்கு மாற்றுங்கள். லாகில் சர்வர் கோளாறு எது, நாம் தடுத்தது எது என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும்.

லாகின் பக்கத்துக்கு மட்டும் கருணை வேண்டாம். நிமிடத்துக்கு 5, அதற்கு மேல் தட்டினால், லாகைப் பார்த்து ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் ஒரு மணி நேரம் வெளியே வைக்கட்டும்.

வெளிநாட்டு ஐபி எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் என்ன?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இது. நம் ஊரில் பலருக்கு இது ஆகாது. ஆம்பூர்க்காரரின் ஷூவை வாங்குபவர் ஜெர்மனியிலோ இத்தாலியிலோ இருக்கிறார். வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளில் வங்கதேசத்துக்காரர்கள் ஏராளம். காந்தி ரோட்டு லாட்ஜில் அறை தேடுபவர் டாக்காவில் உட்கார்ந்து தேடுகிறார். கூகுளின் கிராலரும் பெரும்பாலும் அமெரிக்க ஐபியில்தான் வரும். மறுபக்கம், தாக்கும் பாட்டுகளில் இந்திய ஐபிகளுக்குப் பஞ்சமில்லை.

அட்மின் பக்கத்தை மட்டும் இந்தியாவுக்குள் என்று சுருக்கலாம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு மட்டுமான டியூஷன் தளம் என்றால் முழுசாகவே சுருக்கலாம். மற்றவர்கள், தாக்குதல் நடக்கும் சில மணி நேரத்துக்கு மட்டும், அடைப்பதற்குப் பதிலாக கேப்ட்சா மாதிரி ஒரு சோதனையைக் காட்டுங்கள்.

கிளவுட்ஃப்ளேர் போட்டாச்சு. இனி கவலை இல்லைதானே?

இலவசத் திட்டத்திலேயே அளவு வரம்பில்லாமல் டிடாஸ் பாதுகாப்பு 2017 முதல் கிடைக்கிறது. சிறு தளத்துக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. சென்னையிலேயே அவர்களுக்கு மையம் இருப்பதால் வேகமும் பெரும்பாலும் குறையாது. ஆனால் போட்டதோடு விட்டவர்களிடம் மூன்று ஓட்டைகளைப் பார்க்கிறேன்.

முதல் ஓட்டை, சர்வரின் நிஜ ஐபி. பழைய டிஎன்எஸ் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் தளங்கள் இருக்கின்றன. மெயில் அதே சர்வரில் ஓடினால், மெயில் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவே காட்டிக் கொடுக்கும்; தளத்தின் காண்டாக்ட் ஃபார்ம் நேரடியாக அனுப்பும் மெயிலின் ஹெடரிலும் ஐபி இருக்கும். எஃப்டிபி, டெஸ்ட் என்று பழைய சப்டொமைன்கள் கிளவுட்ஃப்ளேர் வழியாகப் போகாமல் நேராகச் சர்வரைக் காட்டிக்கொண்டிருக்கும். ஐபி தெரிந்தவன் கிளவுட்ஃப்ளேரைத் தாண்டி நேரே வருவான். மெயிலை வேறிடம் மாற்றுங்கள், ஹோஸ்டிங்கில் புது ஐபி வாங்குங்கள், 80, 443 இரண்டையும் கிளவுட்ஃப்ளேரின் ஐபி வரம்புகளுக்கு மட்டும் திறங்கள். அந்த வரம்புகளின் பட்டியலை அவர்களே வெளியிடுகிறார்கள். ஐபி மாற்றாமல் ஃபயர்வால் மட்டும் போட்டால், லைனை நிரப்பும் தாக்குதல் பழைய ஐபிக்கு இன்னும் வரலாம்.

இரண்டாவது, இயல்பு அமைப்பில் படங்களையும் ஸ்டைல் ஃபைல்களையும்தான் அது கேஷ் செய்யும். எச்டிஎம்எல் பக்கங்கள் ஒவ்வொரு தடவையும் உங்கள் சர்வருக்குத்தான் வரும். பக்கத்தையும் கேஷ் செய்யும்படி விதி எழுதுங்கள். லாகின் செய்தவர், கார்ட்டில் பொருள் வைத்தவர் இருவரையும் அதில் விலக்குங்கள். இல்லாவிட்டால் ஒருவருடைய கார்ட் இன்னொருவருக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் வேடிக்கை. கிளவுட்ஃப்ளேர் வந்த பிறகு உங்கள் லாகில் தெரிவதெல்லாம் கிளவுட்ஃப்ளேரின் ஐபிதான். நிஜ ஐபி, கனெக்டிங் ஐபி என்ற ஹெடரில் வரும். என்ஜின்எக்ஸின் ரியல் ஐபி மாட்யூலில் இதைச் சொல்லாமல் விட்டால், ஃபெயில்2பேன் கடமை உணர்ச்சியோடு கிளவுட்ஃப்ளேரையே அடைக்கும், ரேட் லிமிட்டும் ஊரையே ஓர் ஆளாக எண்ணும். சொல்லும்போதும் கிளவுட்ஃப்ளேர் வரம்புகளிலிருந்து வந்தால் மட்டுமே ஹெடரை நம்பு என்று சொல்லுங்கள். ஹெடரை யாரும் பொய்யாகப் போடலாம். ரியல் ஐபி சரியான பிறகும் சர்வர் ஃபயர்வாலில் அந்த நிஜ ஐபியைத் தடுத்துப் பயனில்லை, பாக்கெட் வருவது கிளவுட்ஃப்ளேரிலிருந்து. தடை என்ஜின்எக்ஸிலோ கிளவுட்ஃப்ளேரிலோ இருக்க வேண்டும்.

கிளவுட்டில் தானாகப் பெருகும்படி வைத்துவிட்டால்?

தளம் தாக்குப்பிடிக்கும், பில் பெருகும். பெருகுவதற்கு உச்ச வரம்பும் செலவு அலாரமும் வைக்காமல் இதைச் செய்யாதீர்கள்.

சாஃப்ட்வேர் அப்டேட்டுக்கும் டிடாஸுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. 2023 அக்டோபரில் வெளியே தெரிந்த ரேப்பிட் ரீசெட், எச்டிடிபி 2-இல் ரிக்வெஸ்ட்டை அனுப்பி உடனே ரத்து செய்து, மறுபடி அனுப்பும் தந்திரம். கூகுள் சந்தித்த உச்சம் நொடிக்கு 39.8 கோடி ரிக்வெஸ்ட். அதற்கான திருத்தங்கள் வெப் சர்வர் அப்டேட்டில்தான் வந்தன.

தாக்குதல் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. என்ன செய்ய?

எஸ்எஸ்எச் கிடைக்கவில்லை என்றால் ஹோஸ்டிங் பேனலின் கன்சோல் வழியாக நுழையுங்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்யும் ஆசையை அடக்குங்கள். கேஷ் காலியாகி, எழுந்த உடனே இன்னும் பலமாக விழும்.

மேலே சொன்ன மூன்றில் எது என்று பாருங்கள். லைன் என்றால் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு டிக்கெட், கூடவே ஃபோன். எந்த ஐபி, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, யூடிபியா டிசிபியா என்று எழுதினால் உடனே வேலை நடக்கும். தளம் ஸ்லோவாக இருக்கிறது என்று மட்டும் எழுதினால், பிரவுசர் கேஷை அழித்துப் பாருங்கள் என்றுதான் பதில் வரும். பிஎச்பி என்றால் கிளவுட்ஃப்ளேரில் அண்டர் அட்டாக் மோடை (வருபவர் எல்லோரையும் சோதித்து விடும் முறையை) போடுங்கள். லாகில் அதிகம் அடிபடும் முகவரியை என்ஜின்எக்ஸில் அப்போதைக்கு மூடுங்கள். இன்னும் திணறினால் முகப்புப் பக்கத்தை வெறும் எச்டிஎம்எல்லாக, ஃபோன் எண்ணோடு வைத்துவிடுங்கள். லாட்ஜுக்கு அந்த ஒரு பக்கமே போதும், மீதி வாட்ஸ்அப்பில் நடக்கும்.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் டொமைன் லாகின் உங்கள் கையில் இருக்க வேண்டும். தளத்தை வடிவமைத்த டிசைனரின் மெயில் ஐடியில் டொமைன் இருக்கிறது, அவர் இப்போது பெங்களூரில், ஃபோன் எடுப்பதில்லை என்ற நிலைமை நம் ஊரில் சகஜம். இன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.

பணம் கட்டாவிட்டால் தாக்குவோம் என்று மெயில் வந்திருக்கிறது.

கட்டாதீர்கள், பதிலும் போடாதீர்கள். பிரபலக் கும்பல்களின் பெயரைப் போட்டு ஒரே மெயிலை ஆயிரம் பேருக்கு அனுப்புபவர்கள் அதிகம். சில மிரட்டல்கள் நிஜம்: 2020 ஆகஸ்டில் இப்படியான அலையின்போது நியூசிலாந்து பங்குச் சந்தையின் வர்த்தகமே சில நாள் தடைபட்டது. அதனால் மெயிலை ஹெடரோடு சேமித்து, ஹோஸ்டிங் நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு, மேலே சொன்ன ஓட்டைகளை அடையுங்கள்.

புகார் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43 கணினியைச் சீர்குலைப்பதையும் உரியவருக்கு அணுகலை மறுப்பதையும் சொல்கிறது. அதையே கெட்ட நோக்கத்தோடு செய்தால் பிரிவு 66-இன்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும், மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் கொடுக்கலாம். 1930 என்ற எண் பணம் பறிபோன மோசடிகளுக்கானது. இதற்கு அது சரிவராது.

நிறுவனமாக இருந்தால் இன்னொன்றும் உண்டு. மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி, டிடாஸ் உள்ளிட்ட சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். உபுண்டுவில் என்ஜின்எக்ஸ் லாக் இயல்பாக 14 நாளில் அழிந்துவிடும். லாக்ரொட்டேட் அமைப்பில் அந்த 14-ஐ மாற்றுங்கள். புகாரோடு கொடுக்கும் லாகில் நேரம் யூடிசியா இந்திய நேரமா என்றும் எழுதிவிடுங்கள். ஐந்தரை மணி நேர வித்தியாசத்தில் விசாரணை வேறு யாருடைய வீட்டுக்காவது போய்விடும்.

நானே தாக்கிப் பார்த்துச் சோதிக்கலாமா?

உங்கள் சர்வராக இருந்தால், ஹோஸ்டிங் நிறுவனத்தின் விதிகளைப் படித்துவிட்டு, செய்யலாம். செய்தே ஆக வேண்டும் என்பேன். அப்பாச்சி பெஞ்ச், கே6 போன்றவற்றால் நொடிக்கு 5, 20, 50 என்று படிப்படியாக ஏற்றி, எந்த இடத்தில் பதில் நேரம் எகிறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முகப்பை மட்டும் சோதிக்காமல் தேடல், ஃபில்டர், லாகின் பக்கங்களையும் சோதியுங்கள். வாடகைத் தாக்குதல் தளத்தில் பணம் கட்டிச் சோதிப்பது கூடாது. கல்லூரித் தளத்தில் விளையாட்டுக்குச் செய்து பார்ப்பதும் பிரிவு 66-இல் கொண்டு போய் விடலாம்.

எங்கள் கடை சிசிடிவியே பிறரைத் தாக்கும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2016-இல் வந்த மிராய், கேமரா, டிவிஆர், ரவுட்டர் போன்றவற்றில் டெல்நெட் வழியாக நுழைந்தது. அதனிடம் இருந்தது தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயரும் கடவுச்சொல்லுமாக 60-க்கும் மேற்பட்ட ஜோடிகள், அவ்வளவுதான். அந்த அக்டோபர் 21 அன்று டைன் (Dyn) என்ற டிஎன்எஸ் நிறுவனத்தை அது தாக்கியபோது ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் உட்படப் பல தளங்கள் அமெரிக்காவில் பலருக்குத் திறக்கவில்லை.

டிவிஆரின் கடவுச்சொல் பொருத்திக் கொடுத்தவர் வைத்ததாகவே இருந்தால் மாற்றுங்கள். ரவுட்டரில் யூபிஎன்பியை (கருவிகள் தாமாகவே போர்ட் திறந்துகொள்ளும் வசதியை) நிறுத்துங்கள். டிவிஆருக்குப் போர்ட் ஃபார்வர்டு போட்டிருந்தால் எடுத்துவிட்டு விபிஎன் வழியாகப் பாருங்கள். மிராய் ராமில் மட்டும் உட்காருவதால் டிவிஆரை அணைத்துப் போட்டால் போய்விடும். ஆனால் கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் மறுபடி இணைத்தால் சில நிமிடங்களில் திரும்ப வந்து உட்காரும். எனவே நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு அணைத்துப் போடுங்கள், கடவுச்சொல்லை மாற்றுங்கள், அப்புறம் கேபிளைச் செருகுங்கள்.